ஏகமனதாக

கூட்டக் குறிப்பு எழுதும் முறை எனக்கு.
சுற்று முறை என்றுதான் பேச்சு;
கையெழுத்து புரிகிறது என்று
ஆறு வருடமாய் என்னிடமே வந்து நிற்கிறது பேரேடு.

டிசம்பர் ஒன்பது, பிற்பகல் இரண்டு பத்து.
சிலோயே தீவுகளில்
அஞ்சல்காரரும் தடுமாறும் எங்கள் தீவு. பதினேழு பிள்ளைகள்.
வந்திருப்போர்: தலைமையாசிரியர் நொல்பெர்த்தோ,
கீழறை ஆசிரியை எதுவீகிஸ்,
காலைப் படகில் வந்த உளவியலாளர் யஸ்னா,
அதே படகில் வந்து இன்னும் குமட்டல் தீராத
பேச்சுப் பயிற்சியாளர் கொன்ஸுவேலோ.
வராதவர்: தாய். சால்மன் மீன் ஆலையில் மதிய ஷிப்ட்.
பொருள்: இலாரியோ, ஏழு வயது.
இரண்டாம் வகுப்பிலேயே இருத்துவதா, ஏற்றுவதா.
திரும்பும் படகு நான்கு மணிக்கு.
(இதைக் குறிப்பில் எழுதுவதில்லை.
ஆனால் எங்கள் தீர்மானங்களில் பாதியை
எழுதுவது அந்தப் படகுதான்.)

இருத்துங்கள் என்றார் யஸ்னா.
பள்ளியில் அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.
எதைக் கேட்டாலும் பக்கத்திலிருந்து
சித்தி மகள் ரயென் பதில் சொல்லிவிடுகிறாள்.
அவள் மேலறைக்குப் போகட்டும், இவன் இருக்கட்டும்.

ஏற்றுங்கள் என்றார் எதுவீகிஸ்.
ஏழாம் வாய்ப்பாட்டை மேசையில்
விரலால் தட்டிக் காட்டுகிறவன்
எதில் தோற்றுவிட்டான்?
காலொடிந்தவனிடம் கோலைப் பிடுங்கிக்கொண்டு
ஓடு என்கிறீர்கள்.

கோல் இல்லை, பூட்டு அவள்.

இரண்டையும் எழுதினேன்.
இரண்டும் சரி என்று எழுதப் பேரேட்டில் பத்தி இல்லை.

மூன்று ஐம்பது.
கை தூக்கிவிடுவோமே என்றார் நொல்பெர்த்தோ.
அதுவரை ஜன்னலையே பார்த்திருந்த கொன்ஸுவேலோ,
"என் அறிக்கை பன்னிரண்டு பக்கம்.
அவனோடு நான் இருந்தது எண்பது நிமிடம்.
அதில் நாற்பது நிமிடம் அவனுக்குக் காய்ச்சல்.
நான் கை தூக்க மாட்டேன்."

துறையில் படகு இரண்டு முறை ஊதியது.
யஸ்னா பையைத் தோளில் மாட்டினார்.
நின்றார்.
கழற்றி நாற்காலியில் வைத்தார்.
அன்றைய முதல் தீர்மானம் அதுதான்;
யாரும் முன்மொழியவில்லை.

அடுப்பில் விறகு. வேகும் உருளைக்கிழங்கு. வெளியே மழை,
கோடைக்கால மழை, நனைக்க மட்டும் தெரிந்தது.
ஆறே முக்காலுக்கு ஆலை இடைவேளையில் தாய் அழைத்தாள்.
எந்திர இரைச்சலுக்கு நடுவே
எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்:
"மேலறையில் அவன் எங்கே உட்காருவான்?"

எங்கள் ஐந்து படிவங்களிலும் அந்தக் கேள்வி இல்லை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
மேலறை என்னுடையது.
எழுதுகிறவனை யாரும் கேட்பதில்லை என்று
ஆறு வருடம் ஒளிந்திருந்திருக்கிறேன்.
பேனாவை மூடினேன்.
"என் மேசையோரம். ரயென் எதிர்வரிசையில்.
பார்க்கலாம். கிசுகிசுக்க முடியாது."

அதன்பிறகு மீன் பேரம் போல நிமிடங்களைப் பேசினோம்.
ரயென் அறையிலேயே இல்லாத நேரம்
தினம் ஒரு மணி என்றார் யஸ்னா.
பத்து நிமிடம் என்றார் எதுவீகிஸ்.
வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம்,
ஏப்ரலில் மறுபடி உட்காருவது என்று முடிந்தபோது
ஒன்பதரை. தெற்கே வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம்.

"இது தவறு என்றே நினைக்கிறேன்" என்றார் யஸ்னா,
கையெழுத்துப் போட்டபடி.
"செவ்வாய்தோறும் வருவேன்."

பழக்கத்தில் ஏகமனதாக என்று எழுதிவிட்டிருந்தேன்.
அடித்தேன்.
அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்,
செவ்வாயையும் சேர்த்து.
மேலதிகாரி கேட்டால் கேட்கட்டும்.

காலையில் பள்ளிக் குழாயடியில்
பாயில் புரண்ட தலையோடு பல் துலக்கிக்கொண்டிருந்தார் கொன்ஸுவேலோ.
இலாரியோ முதலில் வந்துவிட்டான்.
ரயென் மேட்டில் எங்கோ செருப்பைத் தேடிக்கொண்டிருந்திருப்பாள்.
டீச்சர் பள்ளியில் பல் துலக்குவதை
அவன் வெகுநேரம் பார்த்தான்.
வாய் நிறைய நுரை. பேச முடியாமல்
கை தூக்கினார் அவர்.

அவன் பையைக் கீழே வைத்தான்.
கொஞ்சம் யோசித்தான்.
பிறகு அவனும்.